சேம்பர்லைன் கூப்பிடாத படை

அன்புள்ள சார்,

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863இல் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டை பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். தோட்டா தீர்ந்துபோன நேரத்தில், துப்பாக்கி முனையில் கத்தியை மாட்டிக்கொண்டு லிட்டில் ரவுண்ட் டாப் குன்றிலிருந்து பாய்ந்து இறங்கிய மெய்ன் மாநிலப் படை கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் அதை நடத்திய ஜோஷுவா சேம்பர்லைன் பின்னால் கவர்னர் ஆனார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பட்டாளத்து ஆள் பதவிக்கு வந்தால் பட்டாளத்து வழியில்தானே ஆள்வார்?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் முடித்தது என் சோம்பேறித்தனம்தான்.

அடிப்படையில் அவர் கல்லூரி வாத்தியார். ஐரோப்பாவுக்குப் போய்ப் படிக்க 1862இல் கல்லூரி கொடுத்த விடுப்பில், போய்ப் படையில் சேர்ந்துவிட்டார். 1864 ஜூனில் வர்ஜீனியா மாநிலத்துப் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு குண்டு அவருடைய இடுப்பைத் துளைத்துச் சிறுநீர்ப்பையைக் கிழித்தது. பிழைக்கமாட்டார் என்று நினைத்து வடக்குப் படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் கிராண்ட் அங்கேயே பதவி உயர்வு கொடுத்தார். பத்திரிகைகளில் மரணச் செய்தியும் வந்துவிட்டது. மனிதர் அப்புறம் ஐம்பது வருடம் இருந்தார்! புண் மட்டும் ஆறவேயில்லை. 1914இல் அவரைக் கொண்டுபோனதும் அதுதான். அவர் செய்த அரசியல் முழுக்க இந்த உடம்போடு செய்தது.

மெய்னில் அப்போது கவர்னர் பதவி ஒரு வருடம்தான். 1866இல் தொடங்கி நான்கு முறை ஜெயித்தார். ஆட்சி சுமார் என்றே சொல்வேன். மதுவிலக்குக்குத் தனிப் போலீஸ் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு ஒத்துழைக்கவில்லை; அவர்கள் அதை மன்னிக்கவும் இல்லை. மரண தண்டனை சட்டத்தில் இருந்தும், முந்தைய கவர்னர்கள் ஆணை பிறப்பிக்காமல் தள்ளிக்கொண்டே போனார்கள். சட்டத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நிறைவேற்றுவேன் என்றார் இவர். 1869இல் ஒரு கொலை வழக்கில் கிளிஃப்டன் ஹாரிஸ் தூக்கிலிடப்பட்டார். தெற்கே அடிமையாக இருந்து வடக்கே வந்த கறுப்பின இளைஞர் அவர். அதே வழக்கில் சிக்கிய வெள்ளைக்காரர் தப்பிவிட்டார். உங்கள் சந்தேகம் பொருந்துகிற இடம் இது. உத்தரவு என்றால் உத்தரவு என்கிற மனது.

ஆனால் 1880 ஜனவரி வேறு கதை. அதற்கு முந்தைய செப்டம்பரில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை. கவர்னராக இருந்த ஜனநாயகக் கட்சிக்காரர் கார்சலானும் அவருடைய ஆலோசனைக் குழுவும் பெயரில் எழுத்துப் பிழை, இனிஷியல் தப்பு என்று சொல்லிக் குடியரசுக் கட்சியினரின் வெற்றிகளைத் தள்ளுபடி செய்தார்கள். தலைநகர் ஆகஸ்டாவில் இரண்டு தரப்பிலும் துப்பாக்கியோடு ஆட்கள் கூடினார்கள். கார்சலானின் பதவிக்காலமும் முடிந்தது. மாநிலத்தில் முறையான அரசே இல்லை. மாநிலப் படைக்குத் தளபதி என்ற முறையில் பொறுப்பு சேம்பர்லைன் தலையில் விழுந்தது.

படையைக் கூப்பிட அவருக்கு ஒரு உத்தரவு போதும். அவரோ சட்டமன்றக் கட்டிடத்தில் இருந்த ஆயுதக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஊர்ப் போலீஸை மட்டும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். கொன்றுவிடுவோம், கடத்திவிடுவோம் என்று மிரட்டல்கள் வந்தன. மெய்ன் செனட்டர் பிளெய்ன் தலைமையில் இருந்த அவருடைய சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சிக்காரர்களே பலத்தைக் காட்டச் சொல்லி நெருக்கினார்கள். நீதிமன்றம் சொல்லட்டும் என்பதுதான் எல்லோருக்கும் அவர் சொன்ன பதில். மாநில உச்ச நீதிமன்றம் குடியரசுக் கட்சியின் பக்கம் தீர்ப்புச் சொன்னதும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பினார். ஜெயித்த கட்சிக்கும் அவர்மேல் கோபம்தான். ஆசைப்பட்ட செனட் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை.

உங்களை அந்தக் குன்று பிடித்துக்கொண்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பன்னிரண்டு நாட்களின் நடுவே மனைவி ஃபேனிக்கு ஒரு கடிதம் எழுதினார். நேற்று இன்னொரு ரவுண்ட் டாப், ஆனால் அது சிலருக்குத்தான் தெரியும் என்று அதில் இருக்கிறது.