கனகுர்தா எந்த மொழிச் சொல்?

விலங்குகளின் அறிவியல் பெயர்கள் குறித்து வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

ராயபுரம்: ஒரு விலங்குக்கு ஏன் இரண்டு சொற்கள்?
முதற்சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் எழுதிய 'சிஸ்டமா நேச்சுரே' நூலின், 1758-இல் வெளியான பத்தாம் பதிப்பே விலங்குப் பெயர்களுக்குத் தொடக்கம்.

காசிமேடு: கானாங்கெளுத்தியை ராஸ்ட்ரெல்லிஜர் கனகுர்தா என்கிறார்கள். கனகுர்தா லத்தீனா?
தெலுங்கு. பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர், விசாகப்பட்டினத்தில் திரட்டிய 200 மீன்களைப் படங்களுடன் விவரித்து 1803-இல் வெளியிட்ட நூலில், உள்ளூரில் வழங்கிய பெயர்களையே எழுதிவைத்தார். அவை இருசொற் பெயர்களாக இல்லாததால் விதிப்படி செல்லுபடியாகவில்லை. 1816-இல் பிரெஞ்சு அறிஞர் குவியே அச்சொல்லை எடுத்து ஸ்காம்பர் கனகுர்தா என முறைப்படுத்தினார். பின்னர் மீன் வேறு பேரினத்துக்கு மாறியதால், இன்று அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகின்றன. அடுத்த முறை வாங்கும்போது மீனின் வாயைத் திறந்து பாருங்கள். செவுளிலிருந்து சீப்புப் பற்களைப் போல நீண்ட முட்கள் தெரியும். ராஸ்ட்ரெல்லிஜர் என்பதற்குச் 'சிறு வாரியைத் தாங்கியது' என்றே பொருள்.

எண்ணூர்: கழிமுகத்தில் புதுவித நண்டு ஒன்றைப் படமெடுத்தேன். என் பெயரைச் சூட்டலாமா?
வாட்ஸ்அப்பில் போட்ட படம் பெயர்சூட்டல் ஆகாது. 2000-ஆம் ஆண்டு முதல், வகை மாதிரியை, அதாவது பெயருக்கு ஆதாரமாக வைக்கப்படும் உயிரின மாதிரியை, சுட்டிக்காட்டாத புதிய சிற்றினப் பெயர் செல்லாது. தன் பெயரைத் தானே சூட்டுவதை விதி தடுக்கவில்லை. ஆனால் ஆய்வாளர்கள் அதை நாகரிகமாகக் கருதுவதில்லை.

தண்டையார்பேட்டை: என்னிடமும் ஒரு வண்டின் படம் உள்ளது…
எண்ணூர் வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

வியாசர்பாடி: வேப்பமரத்துக்கும் இதே விதியா?
தாவரங்களுக்கு விதிநூல் தனி. தாவரவியலாரிடம் கேளுங்கள்.

திருவொற்றியூர்: தமிழ்ப் பெயர் இருக்கத் தெலுங்குப் பெயர் எதற்கு? மாற்றக் கூடாதா?
இதே கேள்வி நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது. மாற்ற முடியாது, செல்லுபடியாகும் பெயர்களுள் முதலில் வெளியானதற்கே உரிமை. தரங்கம்பாடியில் பனையேறிக் கெண்டை பனையில் ஏறக் கண்டதாகச் சொன்ன டால்டோர்ஃப், 1797-இல் அதற்கு 'ஏறுவது' என்று பொருள்படும் ஸ்காண்டென்ஸ் என்ற பெயரைத் தந்தார். நம் பேச்சுப் பெயரோடு அவ்வளவு பொருந்தியும் அது நிலைக்கவில்லை. 1792-இலேயே ஜெர்மன் அறிஞர் பிளாக், 'ஆமை போன்றது' எனப் பொருள்படும் டெஸ்டுடினியஸ் என்ற பெயரை வெளியிட்டுவிட்டார்.

மீண்டும் காசிமேடு: கனகுர்தாவே நம் கானாங்கெளுத்தியின் திரிபாக இருக்கக் கூடாதா?
சொல்லாராய்ச்சி என் துறையன்று. ரஸ்ஸல் கேட்டது விசாகப்பட்டினக் கரையில். அடுத்த கேள்வி வேறு மீனைப் பற்றியதாக இருக்கட்டும்.