ஆய்வுத் தரவுகள், கேள்வி பதில்: எம். செந்தில்குமார் எத்தனை பேர்?

பெங்களூரில் அறிவியல் கொள்கை ஆய்வுக்கான தரவுத்தளங்களோடு மல்லுக்கட்டுவது என் பிழைப்பு. கட்டுரை, காப்புரிமை, ஆய்வு நிதி பற்றிக் கேட்கலாம்.

அல்சூர் வாசகி: அக்கா, ஆய்வுக் கட்டுரைகளின் கட்டணத் தரவுத்தளமான ஸ்கோப்பஸுக்குச் சந்தா இல்லை. பிஎச்.டி. வேலையை எதை வைத்துத் தொடங்குவது?

ஓப்பன்அலெக்ஸ் என்ற திறந்த தரவுத்தளம். இதேபோன்ற தரவுத்தளமான மைக்ரோசாஃப்ட் அகாடெமிக் கிராஃப் 2021 கடைசியில் நின்றுபோனது; 2022 ஜனவரியில் இது வந்தது. மொத்தத் தரவையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஆசிரியர் பெயர்களை அப்படியே நம்பி எண்ணிவிடாதீர்கள்.

ஜெயநகர்: பெயரில் என்ன சிக்கல்?

கேட்டீர்களே! சேலத்து எம். செந்தில்குமாரிடம் இதழின் படிவம் குடும்பப்பெயர் கேட்கிறது. ஒருமுறை அப்பா பெயர் முருகேசனைப் போடுகிறார், இன்னொரு முறை இனிஷியலை. தரவில் அவர் இரண்டு பேர். இதற்கு நேர்மாறாக, கோயம்புத்தூரில் ஒரு எம். செந்தில்குமார், கொரியாவில் இன்னொருவர். நிரல் இருவரையும் ஒன்றாக்கிவிட்டால், ‘வெளிநாடு போய்த் திரும்பிய விஞ்ஞானிகள்’ கணக்கில், ஊரைத் தாண்டாத மனிதர் ஏறிவிடுவார். அதை வைத்து ஒரு கொள்கை அறிக்கையும் எழுதுவார்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் ஓர்கிட் எண் இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

மல்லேஸ்வரம்: எல்லாரும் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டால் தீர்ந்ததே?

சீனர்களுக்கும் கொரியர்களுக்கும் குடும்பப்பெயர் உண்டு. ஆனால் ஒரே பெயரில் ஏராளமானோர்; அங்கே குழப்பம் இதைவிட மோசம்.

சிவாஜிநகர்: சாதிப் பெயரை வெட்டி எறிந்தவர்கள் நாம். ஒரு படிவத்துக்காகத் திரும்ப ஒட்டிக்கொள்வதா?

சபாஷ். படிவத்தைத்தான் மாற்ற வேண்டும்.

மல்லேஸ்வரம்: நான் சாதியைச் சொல்லவில்லை அக்கா, ஏதாவது ஒரு பெயர்...

அப்பா பெயரைத்தான் போடுகிறார்கள், அதில் வந்த வினைதான் மேலே சொன்னது. சரி, அடுத்தவர்.

எலகங்கா: என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) கட்டுரைகளை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது?

நல்ல கேள்வி. வளாகம் பெங்களூரில், தாய் நிறுவனமான டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) மும்பையில். ஆசிரியர் முகவரியில் சில சமயம் இரண்டும் இருக்கும். ஆய்வு நிறுவனங்களுக்கு அடையாள எண் தரும் ஆர்ஓஆர் பதிவேட்டில் என்சிபிஎஸ்ஸுக்குத் தனி எண் உண்டு. ஊர்க் கணக்குக்கு அதையே எடுங்கள். நிறுவனக் கணக்கென்றால் டிஐஎஃப்ஆரோடு சேர்க்கலாம். ஒரே அட்டவணையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

ஒயிட்ஃபீல்டு: இந்தியா ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவிடுகிறது?

2020-21இல் ஜிடிபியில் 0.64 சதவீதம், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கணக்கு.

ஹெப்பாள்: ஸ்கோப்பஸ் இலவசமாகக் கிடைக்குமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

கோரமங்களா: கடந்த ஆண்டு காப்புரிமை விண்ணப்பங்கள் சரிந்துவிட்டன, தரவில் பார்த்தேன். காரணம்?

சரியவில்லை. விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். கடைசி இரண்டு ஆண்டுகளை வரைபடத்திலிருந்து வெட்டிவிடுங்கள். அங்கேயும் கண்டுபிடிப்பாளர் பெயர்... வேண்டாம், போதும்.

இந்திராநகர்: மகனை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம்?

என்னிடமா?