அந்த ஃபைல் யார் பேரில் இருக்கிறது?

கேள்வி: வணக்கம் சார். ப்ராஜெக்ட்டுக்காக ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை உபுண்டுவில் கம்பைல் செய்தேன். கான்ஃபிகர் ஓட்டிவிட்டு, ஒரு வீடியோவில் சொன்னபடி 'சூடோ மேக்', பிறகு 'சூடோ மேக் இன்ஸ்டால்' கொடுத்தேன். நன்றாக முடிந்தது. அடுத்த வாரம் ஒரு சி ஃபைலில் சில வரிகளை மாற்றிவிட்டு வெறும் 'மேக்' கொடுத்தால், '.லிப்ஸ்' ஃபோல்டரில் பார்சர்.ஓ ஃபைலை உருவாக்க முடியவில்லை, 'பெர்மிஷன் டினைட்' என்று நின்றுவிடுகிறது. எல்லாம் என் ஹோம் ஃபோல்டரில்தானே இருக்கிறது? லேபில் கேட்டால், 'சிஹெச்-மாட் 777 போடு, சரியாகிவிடும்' என்கிறார்கள். போடலாமா?
(இறுதியாண்டு மாணவி, நாகர்கோவில்)

பதில்: போடாதீர்கள். 777 என்றால் படிக்க, எழுத, ஓட்ட எல்லோருக்கும் அனுமதி. அது ஏன் கூடாது என்று பிறகு சொல்கிறேன். உங்கள் கோடில் குறை எதுவும் இல்லை. ஃபைலை எழுத வேண்டிய இடத்தில் எழுத விடவில்லை, அவ்வளவுதான்.

சோர்ஸ் ஃபோல்டருக்குள் போய் 'எல்எஸ் -எல்ஏ' கொடுங்கள். '.லிப்ஸ்' புள்ளியில் தொடங்குவதால் அந்த 'ஏ' இல்லாமல் கண்ணில் படாது. அதற்கான வரியில் மூன்றாவதாக இருப்பது ஓனர், நான்காவது குரூப். இரண்டிலும் 'ரூட்' என்றுதான் இருக்கும். ரூட் என்பது சிஸ்டத்தின் நிர்வாகி. சூடோ என்பது ஒரு கமாண்டை அந்த ரூட்டாக ஓட்டுவது.

ஹோம் ஃபோல்டருக்குள் இருப்பதாலேயே ஒரு ஃபைல் உங்களுடையதாகிவிடாது. அதை உருவாக்கிய ப்ராசஸ் யார் பேரில் ஓடியதோ அவர் பேரில்தான் பதிவாகும். கெர்னல் பெயரைக்கூடப் பார்ப்பதில்லை. ஃபைலின் விவரப் பதிவான ஐநோடில் ஓனராக ஒரு எண் மட்டும் இருக்கிறது. ரூட் என்றால் 0. உபுண்டு நிறுவும்போது முதலில் உருவாகும் யூசர் 1000. நீங்கள் 'சூடோ மேக்' கொடுத்ததும் மேக், ஜிசிசி, அசெம்பிளர், லைப்ரரியைக் கட்டும் லிப்டூல் எல்லாமே 0 ஆக ஓடின. '.லிப்ஸ்' டைரக்டரியை உருவாக்கியது அந்த லிப்டூல். வழக்கமாக அதன் பெர்மிஷன் 755 ஆக இருக்கும்: ஓனர் எழுதலாம், மற்றவர்கள் உள்ளே போகலாம், படிக்கலாம், எழுத முடியாது. 1000 ஆகிய நீங்கள் அங்கே 'மற்றவர்'.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. '.லிப்ஸ்'-க்கு வெளியே, சோர்ஸ் ஃபோல்டரிலேயே ரூட் பேரில் சில ஃபைல்கள் கிடக்கும். அவற்றில் ஒன்றை 'ஆர்எம்' கொடுத்து அழித்துப் பாருங்கள். எழுதப் பாதுகாப்பு உள்ள ஃபைல், அழிக்கவா என்று ஒரு முறை கேட்கும். 'ஒய்' என்றால் போய்விடும். ரூட்டின் ஃபைலை நீங்கள் எப்படி அழிக்க முடிந்தது? யூனிக்ஸில் ஃபைலை அழிப்பது, பெயர் மாற்றுவது, புதிதாகச் சேர்ப்பது மூன்றுமே அந்த ஃபைல் இருக்கும் டைரக்டரியில் செய்யும் மாற்றம். சோர்ஸ் ஃபோல்டர் உங்களுடையது, அதனால் விட்டது. '.லிப்ஸ்' ரூட்டுடையது, அதனால் விடவில்லை. ஆகவே பெர்மிஷன் எர்ரர் வந்தால் ஃபைலோடு நிற்காதீர்கள், அது இருக்கும் டைரக்டரியின் ஓனரையும் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

இப்போது சரிசெய்வோம். சோர்ஸ் ஃபோல்டரில் நின்று, 'ஃபைண்ட்' கமாண்டில் 'யூசர்' என்ற நிபந்தனையை ஆச்சரியக்குறியோடு போட்டு, உங்கள் பேரில் இல்லாதவற்றை மட்டும் பட்டியலிடச் சொல்லுங்கள். சேதம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பிறகு ஓனரை மாற்றும் 'சூடோ சிஹெச்-ஓன்', பெரிய எழுத்து '-ஆர்' (உள்ளே இருப்பவை எல்லாவற்றுக்கும்), உங்கள் யூசர் பெயர், அந்த ஃபோல்டரின் முழுப் பாதை. என்டர் தட்டும் முன் பாதையை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். தவறி வெறும் '/' என்று கொடுத்தால் சூடோ ப்ரோகிராமே உங்கள் பேருக்கு மாறும். ரூட் பேரில் இல்லாத சூடோ அதன்பின் ஓட மறுக்கும், மெஷினை ரெக்கவரி மோடில் போய்த்தான் மீட்க வேண்டும். பாதை சரியாக இருந்தால் பயம் இல்லை. முடிந்ததும் 'மேக் கிளீன்', பிறகு சூடோ இல்லாமல் 'மேக்'.

777-க்கு வருகிறேன். அதைப் போட்டால் எர்ரர் போய்விடும் என்பது உண்மை. அதனால்தான் இந்த யோசனை இவ்வளவு பரவியிருக்கிறது. ஆனால் ஓனர் மாறுவதில்லை, எல்லோருக்கும் எழுதும் உரிமை மட்டும் கிடைக்கிறது. பலர் லாகின் செய்யும் லேப் மெஷினில், அந்த ஃபோல்டரை எட்ட முடிந்த யாரும் உங்கள் மேக்ஃபைலில் ஒரு வரி சேர்க்கலாம். அடுத்த முறை 'சூடோ மேக் இன்ஸ்டால்' கொடுக்கும்போது அந்த வரி ரூட்டாக ஓடும். போதாததற்கு எல்லா சோர்ஸ் ஃபைலும் எக்ஸிக்யூட்டபிள் ஆகிவிடும். கோடின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட்டில் அந்த ஃபோல்டர் இருந்தால், ஒரு வரிகூட மாற்றாத ஃபைல்களெல்லாம் மாறியதாகக் காட்டும். இந்த யோசனையை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இனிமேல் கான்ஃபிகரும் மேக்கும் உங்கள் பேரிலேயே ஓடட்டும். சூடோ கடைசி இன்ஸ்டாலுக்கு மட்டும். ப்ராஜெக்ட் வேலைக்கு அதுகூட வேண்டாம்: கான்ஃபிகர் ஓட்டும்போது '--ப்ரீஃபிக்ஸ்' கொடுத்து ஹோமுக்குள் இருக்கும் '.லோக்கல்' ஃபோல்டரைக் காட்டுங்கள். எல்லாம் உங்கள் இடத்திலேயே இன்ஸ்டால் ஆகும், பாஸ்வேர்டே கேட்காது.

கேள்வி: பென் டிரைவில் இருக்கும் சோர்ஸ் ஃபோல்டரை என் பேருக்கு மாற்றப் பார்த்தேன். சூடோ போட்டும் 'ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்' என்கிறது. ரூட்டுக்கே அனுமதி இல்லையா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: டிரைவ் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 ஆக இருக்கும். அந்த ஃபைல் சிஸ்டங்களில் ஓனரைக் குறித்துவைக்க இடமே கிடையாது. மவுண்ட் செய்யும்போது ஒரு யூசரைச் சொல்லி, உள்ளே இருப்பது அனைத்தும் அவருடையது என்று லினக்ஸ் காட்டிக்கொள்கிறது. எழுத இடமில்லாத ஒன்றை ரூட்டாலும் எழுத முடியாது. சிம்பாலிக் லிங்க்கும் (வேறொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) அதில் நிற்காது, அதனால் ஓனர் பிரச்சினை தீர்ந்தாலும் பல பில்டுகள் வேறு இடத்தில் முறியும். சோர்ஸ் மொத்தத்தையும் ஒன்றாகக் கட்டிய டார் ஃபைலை ஹோமுக்கு காப்பி செய்து, அங்கே, சூடோ இல்லாமல் பிரியுங்கள். ரூட்டாகப் பிரித்தால் டார் தனக்குள் குறித்திருக்கும் பழைய ஓனரை அப்படியே கொண்டுவந்துவிடும். நீங்களாகப் பிரித்தால் எல்லாம் உங்கள் பேரில் வரும்.

கேள்வி: அலுவலக சர்வரில் பொது ஃபோல்டரில் இருக்கும் ரெப்போவில் (கிட் கணக்கு வைக்கும் ஃபோல்டர்) பில்ட் ஓட்டினால், கிட் 'டூபியஸ் ஓனர்ஷிப்', அதாவது ஓனர் சந்தேகத்துக்குரியவர், என்கிறது. கிட் நம்பும் ஃபோல்டர்களின் பட்டியலான 'சேஃப் டைரக்டரி'யில், எல்லாவற்றையும் குறிக்கும் நட்சத்திரக்குறி போட்டால் போய்விடும் என்றார் நண்பர். போடலாமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: போய்விடும், பாதுகாப்பும் சேர்ந்து போய்விடும். ரெப்போவின் கான்ஃபிக்கில் கமாண்டுகளையும் எழுதிவைக்கலாம். நீங்கள் வெறும் 'ஸ்டேட்டஸ்' பார்த்தாலே அவற்றில் சில உங்கள் பேரில் ஓடக்கூடும். இன்னொருவர் பேரில் இருக்கும் ரெப்போவை கிட் சந்தேகப்படுவது அதனால்தான். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 வெர்ஷனில் இந்தச் சோதனையைச் சேர்த்தார்கள். அந்த ரெப்போ யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். தெரிந்த, நம்பும் ஆள் என்றால் அந்த ஒரு பாதையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் ஹோமில் தனியாக ஒரு குளோன் (ரெப்போவின் முழு நகல்) எடுத்து அங்கே பில்ட் செய்யுங்கள்.