காதல் நாவல் ட்ரோப்கள்: கேளுங்கோ, பதில் சொல்றன்

ட்ரோப் எண்டா கதையளில திரும்பத் திரும்ப வாற ஒரு அமைப்பு. அதைப் பற்றி நிறைய கேள்வி வந்திருக்கு. கதையைப் பற்றிக் கேட்டா விளக்கமா எழுதுவன். எந்த ஆப்ல போடுறது, எவ்வளவு காசு வரும் எண்டதுக்கு வேற ஆளைக் கேளுங்கோ.

கேள்வி (வெள்ளவத்தை): அக்கா, முதல்ல சண்டை பிடிச்சு பிறகு காதலிக்கிற கதை ஏன் இவ்வளவு பிடிக்குது? முடிவு முதல் பக்கத்திலயே தெரியுதே.

முடிவு தெரியுறதாலதான் பிடிக்குது தங்கச்சி. அமெரிக்காவில 1980ல தொடங்கின காதல் நாவல் எழுத்தாளர் சங்கமே காதல் நாவலுக்கு ரெண்டு நிபந்தனைதான் சொன்னது, கதைன்ட நடுவில காதல் இருக்கோணும், முடிவு மனசுக்கு நிறைவா நம்பிக்கை தாறமாதிரி இருக்கோணும். அப்ப சேருவினமோ மாட்டினமோ எண்டு பயப்பிடத் தேவையில்லை, எப்பிடிச் சேருவினம் எண்டு பாத்துக்கொண்டு ஆறுதலா வாசிக்கலாம். சண்டைக் கதையில அந்த "எப்பிடி"க்கு நிறைய இடம் இருக்கு. பிடிக்காத ஆளை நாங்கள் சும்மா விடமாட்டம், அவன் என்ன சொன்னவன், ஏன் அப்பிடிச் சொன்னவன் எண்டு திரும்பத் திரும்ப யோசிச்சுக்கொண்டே இருப்பம், அந்தக் கவனிப்புதான் பிறகு வேற ஒண்டா மாறுது. ஜேன் ஆஸ்டின்ட பிரைட் அண்ட் பிரெஜுடிஸ், 1813ல வந்தது, அதில ஹீரோ டார்சி கல்யாணம் செய்யச் சொல்லி முதல் தரம் கேக்கேக்க ஹீரோயின் எலிசபெத் மாட்டன் எண்டுறா, அதுவும் கதை கிட்டத்தட்ட பாதி போன பிறகு. அதுக்குப் பிறகு அவனும் தன்னைத் திருப்பிப் பாக்கிறான், அவளும் தன்னைத் திருப்பிப் பாக்கிறா. அந்த "மாட்டன்" இல்லாட்டி கதையே இல்லை. இப்ப எழுதிற ஆக்கள் சண்டைக்குக் காரணமா சட்டையில கோப்பி ஊத்துப்பட்டது, போன் மாறிப்போனது எண்டு வைக்கினம், அது நாலு அத்தியாயத்துக்கு மேல தாங்காது. காணிப் பிரச்சினை, வேலை, ஒரு துரோகம், அப்பிடி ஏதாவது பாரமா வையுங்கோ.

கேள்வி (கொட்டாஞ்சேனை): காண்ட்ராக்ட் கல்யாணம், அதான் காதலில்லாம ஒரு ஒப்பந்தத்துக்காகக் கட்டுறது, நிஜத்தில ஆரும் செய்யிறேல்லையே, பிறகேன் எல்லாரும் விழுந்து விழுந்து வாசிக்கினம்?

எங்கட ஆக்களுக்கு இதைவிடப் பொருத்தமான ட்ரோப் கிடையாது. கொழும்பு மரைன் டிரைவ்ல ஒரு பெடியனும் பிள்ளையும் பக்கத்தில பக்கத்தில நடந்தாலே வீட்டுக்குப் போறதுக்குள்ள ஆரோ ஒரு அன்ரி அம்மாட்டச் சொல்லியிருப்பா. அப்பிடியான ஊரில தாலி எண்ட அனுமதியோட ரெண்டு பேரை ஒரு பிளாட்டுக்குள்ள விட்டு, இனி மெதுவாப் பழகுங்கோ எண்டு சொல்லுறது எவ்வளவு பெரிய சுதந்திரம்! ஆர் முதல்ல எழும்புறது, ஆர் தேத்தண்ணி போடுறது, காய்ச்சல் வந்தா ஆர் பாக்கிறது, எல்லாம் காதல் காட்சியாயிடும். பேச்சுக் கல்யாணம் செய்த எங்கட அம்மாமாருக்கும் காதல் தாலிக்குப் பிறகுதானே வந்தது, வந்த ஆக்களுக்கு. அதனாலதான் மகளும் அம்மாவும் ஒரே நாவலை மாறி மாறி வாசிக்கினம்.

கேள்வி (வத்தளை): நல்ல நாவல் பிடிஎஃப் லிங்க் இருந்தா போடுங்கோ.

இல்லை. எழுதின ஆளின்ட சோறு அது. காசு குடுத்து வாங்குங்கோ.

கேள்வி (தெஹிவளை): எல்லாருக்கும் முன்னால ஹீரோ பெருசா ஏதாவது செய்து காதலைச் சொல்லுற சீன் வெள்ளைக்காரன்ட கொப்பிதானே அக்கா?

இல்லைத் தம்பி. குறுந்தொகை 17ஆவது பாட்டை எடுத்துப் பாருங்கோ, காதல் முத்தினா பனைமட்டையைக் குதிரையா ஏறுவாங்கள், எருக்கம்பூ மாலை போடுவாங்கள், தெருவில ஊர் சிரிக்க நிப்பாங்கள் எண்டு இருக்கு. மடலேறுதல் அதுதான். தன்ட மானத்தையே பணயம் வைக்கிறான், அதனாலதான் மனசைத் தொடுது. ஆனா அதுக்குள்ள ஒரு மிரட்டலும் இருக்கு, ஊருக்கு முன்னால அவளையும் அவள்ட வீட்டையும் மூலைக்குத் தள்ளுற வேலை. அதால நான் எப்பவும் சொல்லுறதை இஞ்சயும் சொல்றன்: அவளால மாட்டன் எண்டு சொல்லேலுமா? ஏலுமெண்டா அது காதல் சீன்.

கேள்வி (பம்பலப்பிட்டி, கல்கிசை, மட்டக்குளி, மூண்டு பேரும் ஒண்டைத்தான் கேட்டிருக்கினம்): ஆன்டி ஹீரோ (நல்லவனா இல்லாத முரட்டு ஹீரோ), கட்டாயத் தாலி, இதெல்லாம் ஏன் பிடிக்குது?

ஜானிஸ் ராட்வே எண்ட ஆராய்ச்சியாளர் அமெரிக்காவில காதல் நாவல் வாசிக்கிற பெண்களோட கதைச்சு 1984ல ஒரு புத்தகம் போட்டவ. அந்தப் பெண்கள் சொன்னது, வாசிக்கிற நேரம்தான் புருசன் பிள்ளை ஒருத்தரும் கேக்காத எங்கட நேரம் எண்டு. இன்னொண்டும் அவ கவனிச்சவ: ஹீரோன்ட முரட்டுத்தனத்துக்கு கடைசியில ஒரு காரணம் வரும், அவன் உள்ளுக்குள்ள காதலிச்சவன், காயப்பட்டவன் எண்டு, அப்ப வாசகி முன்னுக்கு நடந்த எல்லாத்தையும் திருப்பிக் காதலா வாசிக்கிறா. வீட்டில முகம் குடுத்துக் கதைக்காத ஆம்பிளையளோட வாழுறவைக்கு அது பெரிய ஆறுதல், அதை நான் குறைச்சுச் சொல்லமாட்டன். ஆனா கட்டாயத் தாலியை நான் ஏற்கவே மாட்டன்.

மறுகேள்வி (கல்கிசை): கதைதானே அக்கா! எங்களுக்கு வித்தியாசம் தெரியாதெண்டு நினைக்கிறீங்களா?

தெரியும். எனக்குக் கோபம் வாசிக்கிற உங்களில இல்லை. 1995ல இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தேக்க, மனைவியை அவள்ட விருப்பமில்லாமத் தொட்டா, நீதிமன்றத்தால பிரிஞ்சிருந்தா மட்டும்தான் பலாத்காரம் எண்டு எழுதினவை. அப்பிடியான இடத்தில தாலி கட்டினா எல்லாம் சரி எண்டு ஒரு கதை சொல்லேக்க அது வெறும் கற்பனையா நிக்காது, ஏற்கனவே பெண்பிள்ளையளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறதையே இன்னும் வடிவாச் சொல்லுது.

மறுகேள்வி (மட்டக்குளி): அப்ப ஆன்டி ஹீரோ எழுதவே கூடாதா? எல்லாரும் நல்ல பிள்ளையா இருந்தா ஆர் வாசிக்கிறது?

எழுதுங்கோ. கோபக்காரனா, திமிர் பிடிச்சவனா, பழிவாங்க வந்தவனா எழுதுங்கோ, நானே விடிய விடிய வாசிப்பன். ஆனா அவளுக்கு ஒரு வேலை, ஒரு சிநேகிதி, பையில பஸ் காசு குடுங்கோ. சங்கப் பாட்டிலயே தோழி இருக்கிறா, பகிடி மாதிரி வந்து போற சிநேகிதி இல்லை, கெதியாக் கல்யாணம் செய், இல்லாட்டி வராத எண்டு தலைவனுக்கு முகத்துக்கு நேர சொல்லுறவ. கதைன்ட நடுவில ஹீரோயினை அந்த வீட்டை விட்டுப் போக விடுங்கோ. அவன் பின்னால போய் இழுத்துக்கொண்டு வராம, பிழையை ஒத்துக்கொண்டு காத்திருக்கட்டும். அவளா திரும்பி வந்தா அந்த அத்தியாயத்துக்கு எத்தினை பேர் அழுவினம் எண்டு பாருங்கோ.

ஆன்டி ஹீரோ பற்றி இன்னும் ஆக்கள் கேட்டிருக்கினம், மேல எழுதினதை வாசியுங்கோ, திருப்பி எழுதேலாது.

கேள்வி (கிருலப்பனை): மச்சான் மச்சாள் காதல்?

சின்னனில இருந்து தெரிஞ்ச ஆளைப் புதுசாப் பாக்கிற அந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் அது. அந்த நிமிசத்தை வடிவா எழுதினாப் போதும்.

கேள்வி (வெள்ளவத்தை): பிள்ளை, எழுபதுகள்ல வந்த எங்கட இலங்கை நாவல்கள் எங்க எடுக்கலாம்?

அன்ரி, "நூலகம்" எண்ட பேரில இருக்கிற வலைத்தளத்தில பழைய ஈழத்துப் புத்தகங்கள் கனக்க ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம், காசில்லாம வாசிக்கலாம். கையில பிடிச்சுத்தான் வாசிக்கோணும் எண்டா கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் உங்களுக்குப் பக்கத்திலதான், போய்க் கேட்டுப் பாருங்கோ.