அமெரிக்காவில் துப்பாக்கி வாங்க எத்தனை நாள்? கேள்வி பதில்

அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியைச் சோதிக்கிறார்கள். சில மாநிலங்களில் பணம் கட்டிய பிறகும் சில நாள் காக்க வைக்கிறார்கள். இந்த இரண்டையும் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

மதுரை வாசகி: காய்கறி வாங்குவது போல துப்பாக்கி வாங்கிவிடலாம் என்கிறார்களே, உண்மையா சார்?

காய்கறிக்கு ஃபார்ம் நிரப்ப வேண்டாமே! லைசென்ஸ் பெற்ற டீலரிடம் வாங்கினால் 4473 என்ற படிவம் உண்டு. பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவரா, குடும்ப வன்முறை வழக்கில் சிக்கியவரா, போதைப் பழக்கம் உண்டா, மனநலம் காரணமாக நீதிமன்றம் ஏதாவது உத்தரவு போட்டிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்கும். கையெழுத்துப் போட்டதும் டீலர் என்.ஐ.சி.எஸ். என்ற எஃப்.பி.ஐ. சோதனை மையத்தைத் தொடர்புகொள்வார். அது மேற்கு வர்ஜீனியாவில் கிளார்க்ஸ்பர்க் என்ற ஊரில் இருக்கிறது. கொடுக்கலாம், பொறு, கொடுக்காதே என மூன்றில் ஒரு பதில் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முதல் பதிலே வந்துவிடும். டெக்சாஸ் போலக் காத்திருப்புச் சட்டம் இல்லாத மாநிலமாக இருந்தால், அன்றைக்கே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஆக, நீங்கள் கேள்விப்பட்டது முழுப் பொய்யும் இல்லை.

சிங்கப்பூர் வாசகர்: சோதனை முடியும்வரை காத்திருப்பதைத்தானே காத்திருப்புக் காலம் என்கிறார்கள்?

இல்லை. விவாதத்தில் பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான். ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன. 1981 மார்ச் 30 அன்று அதிபர் ரீகனைச் சுட்டவன், டாலஸ் நகர அடகுக் கடை ஒன்றில் அந்தக் கைத்துப்பாக்கியை வாங்கியிருந்தான். ரீகன் பிழைத்து எழுந்தார். அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடிக்குத் தலையில் குண்டு பாய்ந்து, வாழ்நாள் முழுக்க சக்கர நாற்காலி என்றாகிவிட்டது. அவரும் மனைவி சாராவும் ஆண்டுக்கணக்கில் போராடி, 1993 நவம்பரில் பிரேடி சட்டம் வந்தது. கைத்துப்பாக்கி வாங்க ஐந்து வேலை நாள் பொறுக்க வேண்டும், அதற்குள் உள்ளூர் போலீஸ் விசாரிக்கட்டும் என்பது ஏற்பாடு. ஷெரீப் எனப்படும் உள்ளூர் போலீஸ் அதிகாரிகளை மத்திய அரசு இப்படி வேலை வாங்க முடியாது என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது தனிக் கதை. 1998 நவம்பரில் கணினிச் சோதனை வந்ததும் அந்த ஐந்து நாளும் காலாவதியாகிவிட்டது.

இன்று மாநிலங்கள் வைத்திருக்கும் காத்திருப்பு வேறு சரக்கு. மூன்று நிமிடத்தில் "கொடுக்கலாம்" என்று பதில் வந்தாலும், கலிஃபோர்னியாவில் 10 நாள், ஹவாயில் 14 நாள், இல்லினாயில் 72 மணி நேரம் கழித்துத்தான் துப்பாக்கி கைக்கு வரும். சோதனை பார்ப்பது வாங்குகிறவரின் பழைய கணக்கை. காத்திருப்புக்கு அவருடைய இன்றைய மனநிலைதான் குறி.

சென்னை மாணவர்: அப்படியானால் பெரிய படுகொலைகள் நடக்கும்போது சோதனை என்ன செய்துகொண்டிருந்தது?

பெரும்பாலும், கையில் இல்லாத தகவலைத் தேடிக்கொண்டிருந்தது.

2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். செத்தவர்கள் 32 பேர். அவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து போய் அங்கே பேராசிரியராக இருந்த ஜி.வி. லோகநாதன். வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். சுட்ட மாணவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005 டிசம்பரிலேயே ஒரு நீதித்துறை அதிகாரி முடிவு செய்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவிட்டிருந்தார். மத்திய சட்டப்படி அவன் துப்பாக்கி வாங்கவே கூடாது. ஆனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் பெயரை மட்டும்தான் வர்ஜீனியா அனுப்பிக்கொண்டிருந்தது, வெளிநோயாளிகளின் பெயரை அனுப்பவில்லை. அவன் இரண்டு கைத்துப்பாக்கிகள் வாங்கினான், இரண்டு முறையும் சோதனையில் தேறினான். இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று வர்ஜீனியாவில் 30 நாளுக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம். அவன் பொறுமையாக அந்த 30 நாளையும் விட்டுத்தான் இரண்டாவதை வாங்கினான். திட்டம் போட்டு நடப்பவனைக் காத்திருப்பு தடுக்காது.

2017-ல் டெக்சாஸ் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்திலும் இதே கோளாறுதான். சுட்டவனுக்குக் குடும்ப வன்முறைக்காக ராணுவ நீதிமன்றம் தண்டனை கொடுத்திருந்தது. விமானப்படை அதை எஃப்.பி.ஐ.க்குத் தெரிவிக்கவே இல்லை.

டொரன்டோ வாசகர்: "பொறு" என்று பதில் வந்தால் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

மூன்று வேலை நாள். அதற்குள் முடிவு வராவிட்டால், டீலர் விரும்பினால் கொடுத்துவிடலாம். என் பார்வையில் மொத்தச் சட்டத்திலும் மோசமான ஓட்டை இதுதான். 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் பைபிள் வகுப்பில் இருந்த ஒன்பது பேரைக் கொன்றவன், இந்த வழியாகத்தான் துப்பாக்கி வாங்கினான். போதைப்பொருள் வழக்கில் அவன் கைதான விவரம் பதிவில் இருந்தது. ஆனால் எந்தக் காவல்துறை கைது செய்தது என்பது தப்பாகப் பதிவாகியிருந்ததால், எஃப்.பி.ஐ. ஆய்வாளர் தவறான அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் முடிந்தது, கடைக்காரர் கொடுத்துவிட்டார்.

உவால்டி பள்ளிப் படுகொலைக்குப் பிறகு வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டம், 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கெடுவை 10 வேலை நாள்வரை நீட்ட வழி செய்திருக்கிறது. எல்லோருக்கும் அப்படி வைத்தால் என்ன கெட்டுவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

டாலஸிலிருந்து ஒருவர்: அண்ணே, நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வீட்டுப் பாதுகாப்புக்கு ஒன்று வாங்கலாமா?

பொதுவாக முடியாது தம்பி. குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. அந்த விலக்கு இல்லாமல், நண்பர்களோடு வார இறுதியில் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைத் தொடுவதுகூடச் சிக்கல். கிரீன் கார்டு வந்த பிறகு வாங்கத் தடையில்லை. எதற்கும் குடியுரிமை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு அடியெடுத்து வையுங்கள்.

அதே நண்பர்: அப்படியானால் சிட்டிசனாக இருக்கும் மச்சானை வாங்கித் தரச் சொன்னால்?

ஐயோ, வேண்டவே வேண்டாம். வாங்க உரிமை உள்ள இரண்டு பேருக்கு இடையிலேயே இது குற்றமாகியிருக்கிறது. ஏப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர், தள்ளுபடி கிடைக்கும் என்று தன் மாமாவுக்காக ஒரு கிளாக் 19 வாங்கினார். மாமா 400 டாலர் செக் அனுப்பி, அதன் குறிப்பு வரியில் "கிளாக் 19 கைத்துப்பாக்கி" என்றும் எழுதிவைத்தார். ஃபார்மில் "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?" என்ற கேள்விக்கு மருமகன் "ஆம்" போட்டிருந்தார். மாமாவும் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவர்தான். ஆனாலும் 2014-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தண்டனையை உறுதி செய்தது. உங்கள் விஷயத்தில் வாங்கச் சொல்பவருக்கே தடை இருக்கிறது, இன்னும் மோசம்.

கோவை வாசகர்: காத்திருப்பால் உயிர் பிழைக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. அளவோடு நம்புங்கள். 2017-ல் வந்த ஓர் ஆய்வு, காத்திருப்புச் சட்டம் துப்பாக்கிக் கொலைகளைச் சுமார் 17 சதவீதம் குறைப்பதாகச் சொன்னது. ஆனால் பிரேடி சட்டத்தை 2000-ல் ஆராய்ந்த லுட்விக், குக் இருவரும் கொலை எண்ணிக்கையில் தெளிவான மாற்றம் எதையும் காணவில்லை. 55 வயதுக்கு மேற்பட்டவர்களின் துப்பாக்கித் தற்கொலை குறைந்ததை மட்டும் கண்டார்கள். எனக்கு அதுவே போதும். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான், தொலைக்காட்சி விவாதத்தில் யாரும் இதைப் பேசுவதில்லை. அந்த நேரத்து வேகம் தணிந்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

நியூஜெர்சி வாசகி: ஒரு பெண்ணை முன்னாள் கணவன் மிரட்டுகிறான். அவளும் பத்து நாள் காத்திருக்க வேண்டுமா?

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இது, தட்டிக்கழிக்க முடியாது. உங்கள் மாநிலத்திலேயே 2015-ல் துப்பாக்கி அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த ஒரு பெண்ணை, முன்னாள் காதலன் வீட்டு வாசலில் குத்திக் கொன்றான். 30 நாளில் கொடுக்க வேண்டிய அனுமதி, கெடு தாண்டியும் வரவில்லை. அது காத்திருப்புச் சட்டமல்ல, அலுவலகத் தாமதம். ஆனாலும் செத்தவளுக்கு இரண்டும் ஒன்றுதான். நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு வைத்திருப்பவருக்கு விலக்கு கொடுத்து, மற்றவர்களுக்கு, அதுவும் முதல் துப்பாக்கி வாங்குபவர்களுக்கு, காத்திருப்பை வைக்கலாம் என்பது என் கட்சி. ஏற்கெனவே வீட்டில் நான்கு வைத்திருப்பவரை ஐந்தாவதுக்கு நிறுத்தி வைத்து என்ன ஆகப்போகிறது?

ஈரோடு வாசகர்: நீதிமன்றம் என்ன சொல்கிறது?

ஒரே குரலில் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவின் 10 நாளை 2016-ல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 2022-ல் புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம், துப்பாக்கிச் சட்டம் எதுவானாலும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்றது. அதை அளவுகோலாக வைத்து, நியூ மெக்ஸிகோவின் ஏழு நாள் சட்டத்துக்கு எதிராக 2025-ல் பத்தாவது வட்டம் தீர்ப்பளித்தது.

கலிஃபோர்னியா வாசகர்: ஃபார்மில் பொய் எழுதினால் கண்டுபிடிப்பார்களா?

எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் மேல் வழக்கே வருவதில்லை. வந்தால் பெரிதாக வரும். போதைப் பழக்கம் இல்லை என்று 2018-ல் டெலவேரில் எழுதிக்கொடுத்து ஒரு ரிவால்வர் வாங்கிய ஹண்டர் பைடனை 2024 ஜூனில் ஜூரி குற்றவாளி என்றது. டிசம்பரில் அவர் அப்பா, அன்றைய அதிபர் ஜோ பைடன், மன்னிப்புக் கொடுத்தார். உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வம் என்ற சமாதானமும் செல்லாது. மத்திய சட்டத்தில் அது இன்னும் தடைதான், படிவத்திலேயே எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. உங்கள் அப்பா அதிபராக இருந்தால் வேண்டுமானால் எழுதிப் பாருங்கள்.