ஒரே இடத்தில் போன புள்ளிகள்

தங்கச்சி, மகனின் தவணைப் பரீட்சைத் தாளைக் காட்டி, "இவனுக்குக் கணக்கு ஓடாது, உயர்தரத்துக்குக் கலைப்பிரிவையே எடுக்கட்டும்" என்று கண்கலங்கினீர்கள். கலைப்பிரிவு நல்ல பிரிவுதான். ஆனால் கணக்குக்குப் பயந்து அதற்குள் ஒதுங்குவதை நான் ஏற்கமாட்டேன். நீங்கள் தந்துவிட்டுப்போன தாளை ஆறுதலாக இரண்டு தரம் பார்த்தேன். வரைபுக் கேள்விகளில் போன புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் போயிருக்கின்றன: நேர்கோட்டின் வெட்டுத்துண்டு, அதாவது கோடு அச்சை வெட்டும் இடம்.

3எக்ஸ் + 4வை = 12 என்ற கோடு. வை வெட்டுத்துண்டு கேட்டதும், பெயரைப் பார்த்து வையைப் பூச்சியமாக்கியிருக்கிறான். வந்த 4ஐ வை அச்சிலே குறித்துவிட்டான். மற்றதும் அப்படியே தலைகீழ். வை அச்சில் இருக்கும் எந்தப் புள்ளிக்கும் எக்ஸ் பூச்சியம். ஆகவே பூச்சியமாக வேண்டியது எக்ஸ். அப்போது 4வை = 12, புள்ளி (0, 3). வைக்குப் பூச்சியம் போட்டால் (4, 0). தான் குறித்த (0, 4)ஐச் சமன்பாட்டில் திருப்பிப் போட்டிருந்தால் 12க்குப் பதிலாக 16 வந்திருக்கும், பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும். கூட்டல், பிரித்தல் எதிலும் அவன் தவறவில்லை, கவனித்தீர்களா?

திருக்கடலூரில் கடலுக்குப் போகிற அப்பாவின் பிள்ளை அவன். இதை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். தாங்கியில் 40 லீற்றர் மண்ணெண்ணெய், இயந்திரம் மணிக்கு 8 லீற்றர் குடிக்கிறது என்று வையுங்கள். எக்ஸ் மணித்தியாலம் ஓடியபிறகு மிச்சம் வை = 40 − 8எக்ஸ். கரையைவிட்டு வெளிக்கிடும்போது நேரம் பூச்சியம், மிச்சம் 40. அது வை வெட்டுத்துண்டு. மிச்சம் பூச்சியமாவது 5 மணித்தியாலத்தில். அது எக்ஸ் வெட்டுத்துண்டு. கரைக்குத் திரும்பி வரவும் எண்ணெய் வேண்டும் என்பதை அப்பா சொல்லுவார். இரண்டு அச்சையும் அவன் பிறகு மாற்றமாட்டான்.

வை = 2எக்ஸ் − 6 இல் வை வெட்டுத்துண்டு −6. சயக் குறியை, அதாவது கழித்தல் குறியை, விடக்கூடாது. வை = 2எக்ஸ் இரண்டு அச்சையும் பூச்சியத்திலேயே வெட்டுவதால் கோடு கீற இன்னொரு புள்ளி தேவை. வை = 5 எக்ஸ் அச்சைத் தொடவே தொடாது.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. உயர்தரப் பௌதிகவியலில் மின்கலத்தின் அழுத்த வித்தியாசத்தை மின்னோட்டத்துக்கு எதிரே வரைந்தால், வை வெட்டுத்துண்டுதான் மின்னியக்க விசை. வர்த்தகப் பிரிவுக்குப் போனால் பொருளியலில் கேள்வி வளைவு, அதாவது விலைக்கேற்ப வாங்கும் அளவு மாறுவதைக் காட்டும் வரைபு, இருக்கிறது. தொழில்நுட்பப் பிரிவிலும் வரைபு வரும்.

பிரிவைச் சாதாரண தர முடிவு வந்தபிறகு பேசுவோம். அதுவரை புது ரியூசன் ஒன்றும் சேர்க்க வேண்டாம். தினம் இரண்டு கோடு கீறட்டும், ஒவ்வொரு புள்ளியையும் சமன்பாட்டில் திருப்பிப் போட்டுப் பார்க்கட்டும். வருகிற சனிக்கிழமை கொப்பியோடு அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.