ஐசியு நோயாளிக்கு எந்த லைன், எந்த இடத்தில்?

கேள்வி: எங்கள் ஐசியுவில் சேரும் எல்லோருக்கும் கழுத்தில் டிரிபிள் லூமென் சென்ட்ரல் லைன் (பெருஞ்சிரை வரை போகும், உள்ளே மூன்று தனி வழிகள், அதாவது லூமென்கள், உள்ள குழாய்) போட்டுவிடுகிறோம். இது தேவைதானா? யாருக்குக் கையில் போடும் கான்யூலா (சிறு சிரைக் குழாய்) போதும்? சென்ட்ரல் லைன் என்றால் எந்த இடம்?

பதில்: எல்லோருக்கும் தேவையில்லை. உள்ளே என்ன போகப்போகிறது, எவ்வளவு வேகத்தில், எத்தனை நாளுக்கு என்ற மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு லைனைத் தேர்ந்தெடுங்கள்.

வேகத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. ரத்தப்போக்கோடு வரும் நோயாளிக்கு டிரிபிள் லூமென் போட்டால் வேகமாக ஏற்றலாம் என்று நினைக்கிறார்கள். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். நீளம் கூடக் கூட ஓட்டம் குறையும். ஏழு ஃபிரெஞ்ச் (குழாயின் பருமனைக் குறிக்கும் அளவு) டிரிபிள் லூமென் லைனின் நுனியில் திறக்கும் டிஸ்டல் லூமெனும் 16 கேஜ்தான் (கேஜ் எண் குறைந்தால் குழாய் பெரிது), ஆனால் நீளம் 15 முதல் 20 செ.மீ. சாம்பல் நிற 16 கேஜ் கான்யூலாவோ ஏறக்குறைய 5 செ.மீ. தான், அதில் பல மடங்கு வேகமாக ஏறும். பிரசவ ரத்தப்போக்கு, விபத்து என்றால் இரண்டு முழங்கை மடிப்பிலும் சாம்பல் நிறம், கிடைக்காவிட்டால் பச்சை நிற 18 கேஜ். கையில் சிரையே கிடைக்கவில்லை என்றால் பெருஞ்சிரையில் 8.5 ஃபிரெஞ்ச் ஷீத் (அகலமான, குட்டையான குழாய்) போடுங்கள்.

அடுத்து, என்ன மருந்து? செப்டிக் ஷாக்கில் (தொற்றால் பிபி சரியும் நிலை) சென்ட்ரல் லைன் தயாராகும் வரை, பிபியை ஏற்றும் நாரட்ரீனலினைத் தள்ளிப்போடாதீர்கள். முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ 18 அல்லது 20 கேஜ் கான்யூலா வழியாகவே தொடங்கலாம். புறங்கை, மணிக்கட்டு வேண்டாம். அந்தக் கையில் பிபி கஃப் கட்டக் கூடாது. மணிக்கு ஒரு முறையாவது அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். வெளுப்பு, வீக்கம், வலி தெரிந்தால் உடனே மருந்தை வேறு லைனுக்கு மாற்றுங்கள். இடைவெளி விட்டால் பிபி சரிந்துவிடும். பழைய கான்யூலாவைப் பிடுங்காமல், உள்ளே இருப்பதை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்த பிறகு, சுருங்கிய ரத்தக் குழாயை விரிக்கும் ஃபென்டோலமைனை 5 முதல் 10 மி.கி. 10 மி.லி. செலைனில் கலந்து சுற்றிலும் தோலுக்கடியில் போடுங்கள். டோஸ் ஏறிக்கொண்டே போனாலோ இரண்டாவது வாசோபிரஸர் (பிபி ஏற்றும் மருந்து) தேவைப்பட்டாலோ சென்ட்ரல் லைனுக்கு மாறிவிட வேண்டும்.

லிட்டருக்கு 900 மில்லி ஆஸ்மோலுக்கு மேல் அடர்த்தியுள்ள டிபிஎன் (சிரை வழியே ஏற்றும் முழு ஊட்டச்சத்து) கைச் சிரைக்கு ஆகாது. பொட்டாசியம் கைச் சிரையில் மணிக்கு 10 மில்லிமோல் வரை. அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் சென்ட்ரல் லைனும் ஈசிஜி மானிட்டரும் கட்டாயம்.

லூமென் எண்ணிக்கையைத் தேவைக்கு மேல் கூட்டாதீர்கள். ஒவ்வொரு ஹப்பும் (லூமெனின் வெளிமுனை இணைப்பு) கிருமிக்கு ஒரு வாசல். நாரட்ரீனலின் ஓடும் லூமெனில் வேறு எதையும் போலஸாக (ஒரே மூச்சில்) தள்ளக் கூடாது. தள்ளினால் குழாயில் நிற்கும் மருந்து மொத்தமாக உள்ளே போய் பிபி திடீரென எகிறும். டிபிஎன்னுக்கும் தனி லூமென்.

இடத்துக்கு வருவோம். பிரான்ஸில் 3471 லைன்களை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், தொற்றும் ரத்த உறைவும் சேர்த்துப் பார்த்தால் சப்கிளேவியனில்தான் (காறை எலும்புக்கு அடியில் உள்ள சிரை) மிகக் குறைவு; ஆனால் நெஞ்சில் குழாய் போடும் அளவுக்கான நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) அங்கேதான் அதிகம். வெண்டிலேட்டரில் அதிக அழுத்தத்தில் இருப்பவருக்கும், பிளேட்லெட் குறைந்தவருக்கும் அங்கே போகாதீர்கள். ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடிக்க முடியாது. அல்ட்ராசவுண்ட் பார்த்து வலது கழுத்தில் போடுவதே பெரும்பாலோருக்குச் சரியான தேர்வு. மூச்சுத்திணறலால் படுக்க முடியாதவருக்குத் தொடைச் சிரை கைகொடுக்கும். உடல் பருமனானவருக்கு அங்கே தொற்று பயம் கூடுதல். அவசரத்தில் முழு சுத்தம் பார்க்காமல் போட்ட லைனை 48 மணி நேரத்துக்குள் மாற்றியே ஆக வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வலது கழுத்தை டயாலிசிஸ் கதீட்டருக்கு விட்டுவைத்து, மருந்து லைனை இடது கழுத்தில் போடுங்கள். சப்கிளேவியனும் பிக் லைனும் (மேற்கைச் சிரை வழியே பெருஞ்சிரை வரை போகும் நீண்ட குழாய்) இவர்களுக்கு வேண்டவே வேண்டாம். சிரை சுருங்கிவிட்டால் பின்னாளில் அந்தக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) நிற்காது. டயாலிசிஸை நம்பி வாழப்போகிறவருக்கு அது பெரிய இழப்பு.

பெரியவர்களுக்கு வலது கழுத்தில் 13 முதல் 15 செ.மீ., இடது கழுத்தில் 17, 18 செ.மீ. வரை உள்ளே போக வேண்டும். இடப்பக்கம் குட்டையான லைனைப் போட்டால் நுனி மேல் பெருஞ்சிரையின் சுவரில் முட்டி நிற்கும். நாளடைவில் சுவரை அரித்து, திரவம் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். எக்ஸ்ரேயில் நுனி கரைனா (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) மட்டத்தை ஒட்டி, சிரையின் போக்கிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷாக் தீர்ந்து, இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் மட்டும் பாக்கி, கையில் சிரை சரியாக இல்லை என்றால் மேற்கையில் மிட்லைன் (நுனி அக்குள் அருகிலேயே நிற்கும் குழாய்) போதும். பிக் லைன் அதைவிட நீண்ட சிகிச்சைக்கு. கதீட்டர் சிரையின் அகலத்தில் 45 சதவீதத்தைத் தாண்டினால் உறைவு வரும் ஆபத்து கூடும். 4 ஃபிரெஞ்சுக்குச் சிரை குறைந்தது 3 மி.மீ. இருக்க வேண்டும்.

தினமும் ரவுண்ட்ஸில் லைன் எதற்காக இருக்கிறது என்று கேளுங்கள். காரணம் இல்லையென்றால் அன்றே எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது நோயாளியை உட்கார வைக்கக் கூடாது. கழுத்து லைன் என்றால் தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்து, மூச்சை வெளிவிடும் நேரத்தில் உருவி, குறைந்தது ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத டிரெஸ்ஸிங் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் துளை வழியே காற்று உள்ளே இழுக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.